ஓடும்போது மூச்சு அடைக்கிறதா? எந்த மூச்சு என்று முதலில் பாருங்கள்

புதன்கிழமை மாலைகளில் எங்கள் ஓட்டக் குழு, சிங்கப்பூரில் செங்காங் பக்கம் உள்ள ஒரு தடகள மைதானத்தில் கூடும். 400 மீட்டர் சுற்று எட்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே ஒன்றரை நிமிட நடை. 2022ஆம் ஆண்டின் நடுவில் ஒரு புதன்கிழமை, ஐந்தாவது சுற்றின் கடைசி வளைவில் என் மூச்சு நின்றது. கால் ஓடுகிறது, நெஞ்சு விரிகிறது, வாய் திறந்திருக்கிறது. காற்று மட்டும் தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு புல்தரையில் மண்டியிட்டேன். மூன்று நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. எதுவுமே நடக்காததுபோல வீட்டுக்கு நடந்தே போனேன்.

அப்போது எனக்கு வயது 38. உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். பத்து கிலோமீட்டரை 52 நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். புகைப் பழக்கம் இல்லை, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. ஆனாலும் அன்று தொடங்கியது அடுத்த இரண்டு ஆண்டுகளும் வேகமாக ஓடிய நாளெல்லாம் வந்தது. காரணம் தெரிய எனக்கு அவ்வளவு காலம் ஆயிற்று. உங்களுக்கு அது இரண்டு மாதத்தில் முடிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. நோயைக் கண்டுபிடிக்கும் வேலை அவர்களுடையது. அவர்களிடம் சரியான செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை நம்முடையது. அதை எப்படிச் செய்வது என்பது மட்டும்தான் இங்கே இருக்கிறது.

முதலில் உடனே நிறுத்த வேண்டியவை

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். 54 வயது, இருபது ஆண்டுகளாக ஓடுகிறவர். மவுண்ட் ஃபேபர் மேட்டில் ஒரு மாதம் அவருக்கு வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. "வெயில்தான், வேறு ஒன்றுமில்லை" என்றார். முதல் வாரம் உச்சியில் நின்றார். அடுத்த வாரம் பாதி மேட்டில். மூன்றாம் வாரம் ஏறத் தொடங்கியதுமே நின்றார். நெஞ்சுவலி இல்லவே இல்லை. கீழ்த்தாடையில் மட்டும் ஒரு கனம் இருந்தது. பல்வலி என்று நினைத்துக்கொண்டார். அண்ணிதான் பிடிவாதமாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இதய ரத்தக்குழாய்கள் இரண்டில் அடைப்பு. இப்போது நலமாக இருக்கிறார், மெதுவோட்டம் ஓடுகிறார். அண்ணி அன்று விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

நம் இந்தியத் துணைக்கண்ட வம்சாவளியினருக்கு இதய ரத்தக்குழாய் நோய் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. நன்றாக ஓடுகிறோம் என்பது இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் அது காப்புறுதிப் பத்திரம் அல்ல. ஆகவே பின்வருபவற்றுள் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியைப் பிறகு படிக்கலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள்: உழைக்கும்போது நெஞ்சிலோ தாடையிலோ தோளிலோ அழுத்தம், ஓடும்போதே மயக்கம் வருவது அல்லது கண் இருட்டுவது, இதயம் தாளம் தவறித் துடிப்பது, சும்மா இருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ மூச்சு முட்டுவது, இருமலில் ரத்தம், குடும்பத்தில் எவரேனும் 50 வயதுக்குள் திடீரென இறந்திருப்பது. ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்து, கூடவே மூச்சும் வாங்கினால், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும், நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்துக்குப் பிறகும் இதற்கான வாய்ப்பு கூடுகிறது. சென்னைக்குப் போய்வருவதே நமக்கு அந்தக் கணக்கில் வந்துவிடும்.

காய்ச்சலோடு ஓடவே கூடாது. வைரஸ் தொற்று இதயத் தசையைத் தாக்கியிருந்தால், அந்த நேரத்துக் கடும் பயிற்சி உயிருக்கு ஆபத்தாகலாம். இன்னொன்று: இறாலோ கோதுமைப் பண்டமோ சாப்பிட்ட சில மணி நேரத்தில் ஓடி, உடம்பெல்லாம் தடித்து அரித்து மூச்சும் அடைத்தால் அது ஒவ்வாமை. காத்திருக்காமல் அவசர ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள். நெஞ்சழுத்தமோ மயக்கமோ அந்த நேரத்திலேயே இருந்தாலும் 995தான். டாக்சி பிடித்துப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். அறிகுறி வந்து போய்விட்டது என்றால், மருத்துவர் பார்க்கும்வரை பயிற்சி இல்லை.

எது இயல்பு, எது இயல்பில்லை

முழு வேகத்தில் ஓடினால் எவருக்கும் மூச்சு வாங்கும். உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்று போய்வரும் நுரையீரலில், கடும் ஓட்டத்தின்போது 100 லிட்டருக்கு மேல் போய்வருகிறது. அது உடம்பு தன் வேலையைச் செய்வது. உங்களை நீங்கள் ஒப்பிட வேண்டியது போன மாதத்து உங்களோடுதான். அதே பாதை, அதே வேகம், அதே நேரம். போன மாதம் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டு ஓடிய இடத்தில் இப்போது இரண்டு சொல்லைச் சேர்க்க முடியவில்லை என்றால் கவனியுங்கள். உடன் ஓடுபவர்களுக்கு ஒரு நிமிடத்தில் தணியும் மூச்சு உங்களுக்கு மட்டும் ஐந்து நிமிடம் தணியவில்லை என்றாலும், சத்தம் வருகிறது என்றாலும் அப்படித்தான்.

ஊரின் பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும். இங்கே மாலை ஏழு மணிக்கும் காற்று ஈரத் துணிபோல மேலே ஒட்டும். வியர்வை ஆறாது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்புவதால் இதயம் அதே வேகத்துக்குக் கூடுதலாகத் துடிக்கும். புகைமூட்டக் காலத்தில் 24 மணி நேரக் காற்றுத்தரக் குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டு ஓடப் போகாதீர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியம் மணிக்கு மணி வெளியிடும் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவைப் பாருங்கள். 55 வரை இயல்பு. அதைத் தாண்டினால் வேகச் சுற்றுகளை நான் தள்ளிப்போட்டுவிடுவேன். நான்கைந்து முறை, வெவ்வேறு நாளில், காற்று நன்றாக இருக்கும்போதும் அதே தொல்லை வந்தால், அது ஊரின் குற்றம் அல்ல.

ஒரு சொல்லால் இழந்த இரண்டு ஆண்டுகள்

மூச்சைப் பற்றித் தமிழில் எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மூச்சு வாங்குகிறது. மூச்சு இரைக்கிறது. மூச்சு முட்டுகிறது. மூச்சு அடைக்கிறது. மூச்சுத் திணறுகிறது. இளைப்பு என்று தனியாக ஒரு சொல். இவை எல்லாம் ஒன்றல்ல. மாடிப்படி ஏறினால் வாங்கும். கூட்ட நெரிசலில் முட்டும். சளி கட்டினால் இரைக்கும். தொண்டையில் ஏதோ சிக்கினால் அடைக்கும். ஆஸ்துமாக்காரரின் நெஞ்சில் விசில் அடிப்பதை இளைப்பு என்போம்.

இதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற நான், மருத்துவர் முன் உட்கார்ந்தபோது ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். ஓடினால் மூச்சு வாங்குகிறது என்ற அளவுக்குத்தான் அது அவருக்குப் போய்ச் சேர்ந்தது. "குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா உண்டா?" என்று கேட்டார். அம்மாவுக்கு உண்டு என்றேன். இன்ஹேலர் கிடைத்தது. ஓடுவதற்கு முன் இரண்டு முறை இழுத்தேன், பயன் இல்லை. மருந்தின் அளவு கூடியது; கை நடுங்கியது, மூச்சு அப்படியே இருந்தது. பிறகு இன்னொருவர் பதற்றம் என்றார். பதற்றம் இருந்தது உண்மை. மூச்சு நின்றால் யாருக்குத்தான் பதற்றம் வராது?

முடிச்சை அவிழ்த்தவர் என் அம்மா. ஒருநாள் மைதானத்தில் தோழி எடுத்த காணொளியைச் சமையலறையில் ஓடவிட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திரையைப் பார்க்கக்கூட இல்லை. "என்ன அது, எண்ணெய் போடாத கிணற்றுக் கப்பி மாதிரிச் சத்தம்?" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மீண்டும் ஒருமுறை போடச் சொல்லி உற்றுக் கேட்டார்.

"இது இளைப்பு இல்லை, கண்ணு. எனக்கு இளைப்பு வந்தால் மூச்சை வெளியே விடும்போதுதான் விசில் அடிக்கும். நீ உள்ளே இழுக்கும்போது அல்லவா கத்துகிறாய்?"

நாற்பது ஆண்டுகள் அந்த நோயோடு வாழ்ந்தவரின் காது. கட்டுரையின் தலைப்பு அவரிடமிருந்து வந்ததுதான்.

உள்மூச்சா, வெளிமூச்சா

ஓடினால் மூச்சுக்குழாய்கள் சுருங்கும் வகை ஒன்று உண்டு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதிகம் வரும், இல்லாதவர்களுக்கும் வரலாம். வேகமாக வாய் வழியே இழுக்கும் உலர்ந்த காற்று மூச்சுக்குழாயின் ஈரத்தை உறிஞ்சுவதால் அது தூண்டப்படுகிறது. இதன் அடையாளம், தொல்லை ஓடும்போது உச்சத்துக்குப் போகாமல், ஓடி முடித்து ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் போவது. இருமல், நெஞ்சு இறுக்கம், வெளிமூச்சில் விசில். தணிய அரை மணி, ஒரு மணிகூட ஆகும். நம் ஈரக் காற்றில் இது சற்றுக் குறைவாகவே தூண்டப்படும். மெக்ரிட்சி நீர்த்தேக்கப் பாதையில் நன்றாக ஓடுகிற ஒருவர் குளிர்சாதன உடற்பயிற்சிக் கூடத்தின் டிரெட்மில்லில் இருமித் தள்ளினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உள்ளரங்க நீச்சல்குளத்தில் நீர்மட்டத்தை ஒட்டித் தேங்கும் குளோரின் வாடையும் இதைத் தூண்டும்.

எனக்கு இருந்தது வேறு. மூச்சை இழுக்கும்போது குரல்வளை விரிந்து வழிவிட வேண்டும். சிலருக்குக் கடும் உழைப்பின்போது அது எதிர்மாறாகக் குறுகிவிடுகிறது. குரல்நாண்களே நெருங்கலாம், அல்லது அவற்றுக்கு மேலுள்ள திசு உள்நோக்கிச் சரியலாம். காகித உறிஞ்சுகுழாயில் கெட்டியான பானத்தை வேகமாக உறிஞ்சிப் பாருங்கள். குழாய் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். இன்னும் வேகமாக உறிஞ்சினால் இன்னும் ஒட்டும். அதுதான் தொண்டையில் நடக்கிறது. இதை மருத்துவர்கள் ஈ.ஐ.எல்.ஓ. என்ற சுருக்கப் பெயரால் சொல்கிறார்கள்; உடற்பயிற்சியால் தூண்டப்படும் குரல்வளை அடைப்பு என்று பொருள். அடையாளம்: உச்ச வேகத்தில் வரும், உள்மூச்சில் கீச்சென்ற சத்தம் வரும், எங்கே அடைக்கிறது என்று கேட்டால் விரல் நெஞ்சுக்குப் போகாமல் தொண்டைக்குப் போகும், நின்றால் சில நிமிடத்தில் விலகிவிடும், இன்ஹேலருக்கு அசையாது. பதின்ம வயதினரிடம், அதிலும் பெண்பிள்ளைகளிடம், இது நிறையக் காணப்படுகிறது. பள்ளியில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத் தேர்வில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட வேண்டாம் என்று ஆசிரியராக இருந்துகொண்டு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வகையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு, அதனால் ஒன்றைக் கண்டதும் மற்றதை மறந்துவிட முடியாது.

சத்தமே இல்லாமல் வருவது மூன்றாவது. என் நாத்தனாருக்கு 33 வயது, வாரம் மூன்று நாள் பூப்பந்து ஆடுகிறவள், சைவம். சத்தம் இல்லை, இருமல் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் கால் ஈயமாகக் கனக்கும், இதயம் அடித்துக்கொள்ளும், மூச்சு போதாது. ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்தின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9தான் இருந்தது. 15க்குக் கீழே போனால் பற்றாக்குறை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 30க்குக் கீழேயே கவனிக்கும் விளையாட்டு மருத்துவர்களும் உண்டு. அவளது ஹீமோகுளோபின் 12க்குச் சற்று மேலே இருந்ததால் முந்தைய பரிசோதனையில் எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்கள் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். சாப்பாட்டோடு தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும் பழக்கம் இரும்பை உடம்பில் சேரவிடாது. அதை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள், அளவு மீறினால் அதுவும் கெடுதி.

விரல் நுனியும் உதடும் மரத்துப்போய், கொட்டாவியும் பெருமூச்சுமாக வந்து, எவ்வளவு இழுத்தாலும் நிறையவில்லை என்று தோன்றினால் அது மூச்சின் ஒழுங்கு கெட்டதாக இருக்கலாம். தேவைக்கு மேல் மூச்சுவிடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வரும் மரமரப்பு அது. ஆனால் இந்த முடிவுக்கு மற்றவற்றைச் சோதித்து விலக்கிய பிறகுதான் வர வேண்டும். எடுத்த எடுப்பிலேயே பதற்றம் என்ற முத்திரையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நோட்டும் கைப்பேசியும்

ஒரு சிறு நோட்டு போதும். தொல்லை வந்த பத்து நிமிடத்துக்குள் எழுத வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு எழுதினால் பாதி மறந்துவிடும், மீதியை மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். என் நோட்டிலிருந்து ஒரு பதிவு: "செவ்வாய், மாலை 6.40. எட்டில் நான்காம் சுற்று, 300 மீட்டரில் தொடங்கியது. உள்மூச்சு. தொண்டைக்குழிக்கு மேல். கீச்சுச் சத்தம். நின்று 2 நிமிடம் 30 நொடியில் போனது. இருமல் இல்லை. ஓடுவதற்கு 15 நிமிடம் முன் இன்ஹேலர், பலன் இல்லை. இன்று ஆறு பாடவேளை பேசினேன். 4 மணிக்குக் கோப்பி." எங்கே ஓடினேன், குளிர்சாதனமா வெளியா, மாதவிடாயின் எத்தனையாவது நாள், முந்தைய இரவு தூக்கம் ஆகியவற்றையும் குறித்தேன். பத்துப் பதிவு சேர்ந்தபோது எனக்கே ஒன்று தெரிந்தது: நிறையப் பேசிய நாளிலும், கோப்பி குடித்துவிட்டு ஓடிய நாளிலும் ஒரு சுற்று முன்னதாகவே வந்திருந்தது.

அடுத்தது காணொளி. மருத்துவரின் அறையில் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் மூச்சு தங்கம்போல இருக்கும், அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டால் ஒன்றும் கேட்காது. ஆகவே சத்தத்தை அவரிடம் கொண்டுபோக வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள், ஒரு துணை வேண்டும். நீங்கள் வேகச் சுற்றை முடித்து நின்றதும், ஒரு மீட்டர் தூரத்தில் முகமும் கழுத்தும் நெஞ்சும் தெரியுமாறு அவர் முப்பது நொடி எடுக்கட்டும். இசை, பேச்சு எதுவும் வேண்டாம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முப்பது நொடி. முதலாவதில் சத்தம், இரண்டாவதில் அமைதி என்றால் ஒரு கதை. முதலாவதில் வெறும் மூச்சுவாங்கல், இரண்டாவதில் இருமலும் விசிலும் என்றால் வேறு கதை. ஆனால் மேலே சொன்ன நெஞ்சழுத்தம், மயக்கம் போன்றவை உள்ளவர்கள் இதற்காகவென்று தொல்லையை வரவழைக்கவே கூடாது.

மருத்துவரிடம் போகும்போது

நோட்டைச் சுருக்கி ஒரு பக்கமாக்குங்கள். முதல் வரியிலேயே எந்த மூச்சு, எந்த இடம், எப்போது உச்சம், எவ்வளவு நேரத்தில் தணிகிறது என்ற நான்கும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை என்றால் தமிழ் தெரிந்த தாதி இருக்கிறாரா என்று கேளுங்கள்; அல்லது கையால் காட்டுங்கள், மூச்சை இழுத்துக் காட்டுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்கி அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு அரசு மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் போனால் கட்டணத்தில் மானியம் கிடைக்கும். நேராகத் தனியார் நோயாளியாகப் போனால் கிடைக்காது.

பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை, இசிஜி இரண்டும் முதலில் வரும். பிறகு ஸ்பைரோமெட்ரி, அதாவது ஒரு குழாயில் முழுப் பலத்தோடு ஊதுவது. முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்பதுதான் அதில் முக்கியமான எண். சும்மா இருக்கும்போது ஊதி அந்த எண் இயல்பாக இருந்தால் எதுவும் இல்லை என்று பொருள் அல்ல. டிரெட்மில்லில் ஆறு முதல் எட்டு நிமிடம் கடுமையாக ஓடவிட்டு, அதன்பின் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஊதச் சொல்வார்கள். அந்த எண் 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல் விழுந்தால் மூச்சுக்குழாய்கள் சுருங்குகின்றன. "ஆஸ்துமாவாக இருக்கலாம்" என்று சொல்லி இன்ஹேலர் எழுதினால், "ஓடவிட்டுச் சோதித்து உறுதிப்படுத்த முடியுமா, டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. நான் கேட்காமல் இருந்ததுதான் தவறு. அதே சமயம், ஏற்கெனவே ஆஸ்துமா உறுதியானவர்கள் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

எனக்கு ஸ்பைரோமெட்ரி எண் ஓடிய பிறகும் விழவில்லை. அப்போதுதான் காணொளியைக் காட்டினேன். மருத்துவர் முதல் ஐந்து நொடியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். சில வாரம் கழித்து, மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தடவி, மெல்லிய கேமராக் குழாயைத் தொண்டைவரை இறக்கி, அதைத் தலைப்பட்டையில் பொருத்தி, டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள். விழுங்கும்போது உறுத்தியது, வலி என்று சொல்ல முடியாது. வேகம் ஏறியது, சரிவு ஏறியது. கப்பிச் சத்தம் வந்தது. பிறகு பதிவைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். தொடக்கத்தில் குரல்நாண்கள் கவிழ்த்த V போல அகல விரிந்திருந்தன. கடைசி நிமிடத்தில், உள்ளே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் அவற்றுக்கு மேலே இருந்த வெளிர்ச்சிவப்புத் திசு இருபுறமும் நடுவை நோக்கிச் சரிந்து, வழியை ஒரு கீற்றாக்கியது. நான் அழுதுவிட்டேன். இரண்டு ஆண்டுகளாக எவருக்கும் காட்ட முடியாமல் இருந்த ஒன்றை மூன்று பேர் கண்ணால் பார்த்தார்கள். இந்தச் சோதனை எல்லா இடத்திலும் இருக்காது. குரல்வளையைச் சந்தேகித்தால்தான் அதற்கு அனுப்பவே செய்வார்கள். அதனால்தான் நோட்டுக்கும் காணொளிக்கும் இவ்வளவு இடம் கொடுத்தேன்.

இதயத்தின் மீதோ ஒட்டுமொத்த உடல்திறன் மீதோ சந்தேகம் இருந்தால், முகமூடி மாட்டி மிதிவண்டியிலோ டிரெட்மில்லிலோ செய்யும் இதய நுரையீரல் சோதனையும், இதயத்தை ஒலியலையால் படமெடுக்கும் எக்கோவும் உண்டு. தடுத்து நிறுத்துவது எது, இதயமா, நுரையீரலா, தசையா என்பதை அந்தச் சோதனை நன்றாகப் பிரித்துக் காட்டும்.

மூச்சைத் திரும்பக் கற்றது

மூச்சுக்குழாய் சுருங்குபவர்களுக்கு வழி ஓரளவு தெளிவானது. மருத்துவர் சொன்னால் ஓடுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு இன்ஹேலர். அடிக்கடி அது தேவைப்பட்டால் உள்வீக்கத்தைத் தணிக்கும் தடுப்பு மருந்தும் வேண்டும். நிவாரண இன்ஹேலரை மட்டும் வைத்து ஆஸ்துமாவை ஓட்டுவதை உலக ஆஸ்துமா வழிகாட்டிகள் 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஓட்டத்துக்கு முன் பத்து நிமிடம், இடையிடையே சிறு வேக ஓட்டங்கள் கலந்து உடம்பைச் சூடாக்கினால், பலருக்கு அடுத்த ஒன்றிரண்டு மணி நேரம் மூச்சுக்குழாய் அடங்கி இருக்கும்.

எனக்கு மருந்தே இல்லை. என்னைப் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பினார்கள். தொண்டைக்கு வகுப்பறையும் மைதானமும் ஒன்றே என்பதை அவர்தான் புரியவைத்தார். நாள் முழுவதும் கத்திப் பாடம் நடத்திவிட்டு, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு வாரம் தரையில் படுத்து, வயிற்றில் கையை வைத்து, தாடையைத் தளர்த்தி, நாக்கை அடியில் போட்டு மூச்சுப் பயிற்சி. காலை ஐந்து நிமிடம், இரவு ஐந்து நிமிடம். அடைக்கும்போது நாம் எல்லோரும் இன்னும் இழுக்கத்தான் பார்க்கிறோம். முதலில் விட வேண்டும். "ஸ்ஸ்ஸ்" என்று பல்லிடுக்கில் முழுவதும் விட்டால், அடுத்த மூச்சு தானாக இறங்குகிறது. அதன்பிறகு இழுக்கும் மூச்சை இரண்டாகப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன்: உதட்டைக் குவித்து, தடையோடு இழுக்கத் தொடங்கி, பாதியில் சட்டென வாயைத் திறந்து மீதியை வாங்குவது. குவித்த உதடு காற்றோட்டத்தின் வேகத்தைத் தொண்டைக்கு வரவிடாமல் தானே தாங்கிக்கொள்கிறது. எழுத்தில் எளிதாகத் தெரிகிறது. காலடிக் கணக்கோடு சேர்த்துப் பழக ஆறு வாரம் பிடித்தது. படுத்து, பிறகு நடந்து, பிறகு எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து பன்னிரண்டாம் மாடிவரை படியேறி, அதன்பின்தான் மைதானம். தொல்லை வந்த பிறகு இதைத் தொடங்கினால் பலிக்காது. எனக்கு ஐந்தாம் சுற்றில் வரும் என்று நோட்டு சொன்னதால், மூன்றாம் சுற்றிலேயே உதட்டைக் குவிக்கத் தொடங்கிவிடுகிறேன். இதை ஒருமுறையாவது சிகிச்சையாளர் பக்கத்தில் இருந்து திருத்த வேண்டும். நான் ஒரு மாதம் தவறான பக்கத்து மூச்சில், அதாவது வெளிமூச்சில், உதட்டைக் குவித்துக்கொண்டிருந்தேன்.

வயிற்றுப் புளிப்பு மேலேறுவதும் குரல்வளையைச் சீண்டும் என்பதால் ஓடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் சாம்பாரும் மிளகாயும் கோப்பியும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மெக்ரிட்சி ஓட்டம் முடிந்த பிறகுதான் சிராங்கூன் சாலையில் தோசை. புதன்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளை வாசிக்க விட்டு, நான் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறேன்.

இப்போதும் எப்போதாவது வருகிறது, பெரும்பாலும் தேர்வு விடைத்தாள் திருத்தும் வாரங்களில். வந்தால் வேகத்தைக் குறைத்துப் பாதையின் வெளிப்பக்கம் ஒதுங்குவேன். தோளை இறக்கி, "ஸ்ஸ்ஸ்" என்று மூன்று முறை விடுவேன். தோழி பக்கத்தில் வந்து எதுவும் கேட்காமல் கூட நடப்பாள், அப்போது பேச வைக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நாற்பது நொடியில் கப்பி அடங்கும். அந்தச் சுற்றை விட்டுவிட்டு அடுத்ததை ஓடுவேன்.